கிணறு நகர்ந்த ஊர்

தீவு முழுக்க வண்டிகள் சாலையின் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கத்துக்கு மாறிய அன்று காலை, யாபிகு செய்கோவின் வீடு சாலையின் கிழக்குப் பக்கத்தை விட்டு மேற்குப் பக்கத்துக்கு மாறியது. வீடு என்றால் முழு வீடு. சிவப்பு ஓட்டுக் கூரை, கூரைமேல் உட்கார்ந்திருந்த சுண்ணாம்புச் சிங்கம், முற்றத்துப் பப்பாளி மரம், துணி காய்கிற மூங்கில், அதில் காய்ந்த துணி எல்லாம் சேர்த்து. கிணறும் பன்றிக் கொட்டகையும் மட்டும் வரவில்லை. பன்றி அன்று பிற்பகல் தானாகவே கிளம்பி வந்து சேர்ந்தது. அதுவும் இடப்பக்கமாகவே நடந்து வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரிபாமா ஊரில் அந்த வாரம் முழுக்கப் பேசப்பட்டது இதைப் பற்றி அல்ல, பஸ்ஸின் கதவு எந்தப் பக்கம் வந்துவிட்டது என்பதைப் பற்றித்தான். கிழவர்கள் பழக்கதோஷத்தில் கதவில்லாத பக்கம் போய் நின்றுகொண்டு பஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீடு ஒரே நாளில் கிளம்பிவிடவில்லை. அதற்குப் பல வருஷம் பிடித்தது, காரணமும் இருந்தது.

இரிபாமாவில் நடக்கத் தெரிந்த எல்லோரும் கராத்தே செய்வார்கள். கரும்பு வெட்டிவிட்டு, கல் சுமந்துவிட்டு, மீன் இறக்கிவிட்டு வந்து செய்வார்கள். அலுப்பு தீர அதைவிட மலிவான வழி கிடையாது, அவாமோரிச் சாராயம்கூட அதற்கு அடுத்தபடிதான். கராத்தே என்றால் ஆளோடு ஆள் மோதுவது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மோதுவது கொஞ்சம்தான். எதிரே யாரோ நிற்பதாக வைத்துக்கொண்டு, தனியாளாக, குத்தும் தடுப்பும் உதையும் திரும்பலுமாக வரிசை பிசகாமல் செய்து முடிக்கிற சுவடுகள்தான் அதிகம். சுவடுகள் பல உண்டு. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் ஆளுக்கு ஒன்றுதான் சொந்தம். எது சொந்தம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. செருப்பு மாதிரிதான், காலை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கூடம் வைத்திருந்த தோமொயோசேவுக்கு சான்ச்சின். மெதுவாக அடிவைத்து, உடம்பை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து உஸ்ஸென்று மூச்சு விடுகிற சுவடு அது. அவர் அதைச் செய்யும்போது அவ்வளவு கனத்துப்போவார், நின்ற இடம் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். அவர் முற்றத்தில் அப்படி விழுந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி வாத்துகள் குடிவந்திருந்தன. ஏன் அந்தச் சுவடு பிடிக்கும் என்று கேட்டால், "நான் மூச்சை இழுத்துக்கிட்டு நிக்கும்போது எவனும் வந்து உதவி கேக்க மாட்டான்" என்பார். மீன்காரர் தமானாஹா மத்சுவுக்கு கூசாங்கு. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களுக்கு நடுவே தெரிகிற வானத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது. மிக நீளமான சுவடு. அவர் கைகளைத் தூக்கிவிட்டால் காற்று திசை மாறாமல் காத்திருக்கும். அதனால்தான் பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்வார். தொடங்கிவிட்டால் முடியும்வரை பெண்டாட்டி வேலை ஏவ முடியாது என்பதுதான் விஷயம், அவர் பெண்டாட்டி உட்பட எல்லோருக்கும் அது தெரியும்.

சாலைக்கு மேற்கே, சோயா மொச்சைப் பாலில் கடல்தண்ணீர் விட்டு இறுகவைத்துக் கட்டியாக விற்கிற தோஃபுக் கொட்டகை வைத்திருந்த நாகந்தகாரி உஷிக்கு நைஹான்ச்சி. போரில் புருஷனை இழந்து தனியாக இருந்தவள். நைஹான்ச்சியில் முன்னே போவதும் கிடையாது, பின்னே போவதும் கிடையாது. முகத்தையும் மார்பையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி இடமும் வலமுமாக நகர வேண்டும். பால் கொதிக்கிற அண்டாவுக்கு முதுகைக் காட்ட வேண்டியதில்லை, அதுதான் சுகம் என்பாள். அவள் அண்டாவில் பால் ஒருநாளும் பொங்கி வழிந்ததில்லை. விளிம்புவரை வந்து, இடப்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து பார்த்துவிட்டு அடங்கிவிடும். ஊரில் அவளை ஆலமரத்து உஷி என்றுதான் சொல்வார்கள். ஆலமரம் அவள் கொட்டகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருந்தது. பிறகு ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று யாரும் யோசித்ததில்லை.

சுவடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு விதி உண்டு. தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். எத்தனை அடி போனாலும், எத்தனை திரும்பல் திரும்பினாலும், கடைசியில் கால் முதலில் நின்ற இடத்திலேயே வந்து விழ வேண்டும். ஒரு சாண் தள்ளி விழுந்தால் நடுவில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு தரம் செய்வார்.

தலையைச் சொறிகிற வழக்கம் யாபிகு செய்கோவிடம் இல்லை.

செய்கோ கூரைக்கு ஓடு வேய்கிறவர். ஓட்டுக்கு ஓடு சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்து, மீந்த சாந்தில் ஒரு சிங்கம் பிடித்துக் கூரைமேல் காவலுக்கு உட்கார்த்திவிட்டு இறங்குவார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் வேய்ந்த கூரை ஒழுகினால் மழை சரியாகப் பெய்யவில்லை என்பார். தேநீர்க் கோப்பையைக் கைதவறிப் போட்டால் தரை மேலே வந்துவிட்டது என்பார். கல்யாணம் ஆகாததற்கும் இப்படி ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தார், தரகர்தான் வழிதவறிப் போனாராம். அவருக்குச் சொந்தமானது சிந்தோ என்கிற சுவடு. முன்னும் பின்னும் ஒரே கோட்டில் போவது, நடுநடுவே கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்பது, நின்ற காலிலேயே சுற்றித் திரும்புவது. நாள் முழுக்க இரண்டு காலாலும் கூரையைக் கவ்விக்கொண்டு கிடக்கிறவனுக்கு, ஒரு கால் போதும், இன்னொன்றை எடுத்துக்கொள் என்று சொல்கிற இடம் உலகத்தில் அந்தச் சுவடு ஒன்றுதான் என்பார். காலையில் தன் முற்றத்தில், சாலையைப் பார்த்து நின்று செய்வார். அவர் ஒற்றைக்காலில் நிற்கும்போது கூரைமேல் இருந்த சிங்கமும் ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும்.

கூரைச் சரிவில் ஏறி ஏறிப் பழகிய உடம்பு அது. அதனால்தான் என்று தோமொயோசே சொன்னார், சுற்றும்போது அது ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தது எப்போதும் மேற்கே. முதல்முறை கால் ஒரு சாண் மேற்கே தள்ளி விழுந்தபோது செய்கோ குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இங்கதான் ஆரம்பிச்சேன்" என்று சத்தமாகச் சொன்னார். அங்கே மறுத்துப் பேச வேறு யாரும் இல்லை. மண் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தது. முற்றமும் வீடும் ஒரு சாண் மேற்கே வந்து, அவர் சொன்னதைச் சரியாக்கிவிட்டன. மறுநாளும் அப்படியே. சில நாள் ஒரு சாண், சில நாள் ஒரு விரற்கடை. மழைக்காலத்தில் வழுக்கி அரை முழம்கூட வந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் செய்கோதான். கண்டுபிடித்ததோடு நில்லாமல் கிழக்குத்தெருத் தலைவர் சாகிஹாராவிடம் புகாரும் கொடுத்தார்.

"தலைவரே, எங்க வீட்டுக் கிணறு நகருது."

"என்னப்பா சொல்ற?"

"போன வருஷம் வாசப்படியில இருந்து எட்டுற தூரம். இப்ப வாளியத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள கை கழண்டுருது. கிழக்கால போய்க்கிட்டே இருக்கு."

"வயசாகுதுடா செய்கோ. கிணறு எங்கயும் போகல, உன் கைதான் போகுது."

"அப்ப பன்னிக் கொட்டாயும் சேந்து போகுதே, அதுக்கும் வயசாகுதா?"

சாகிஹாரா நேரில் வந்து பார்த்தார். வீட்டுக்குப் பின்னால், பழைய தூண்கள் நின்ற பள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் புல் வேறுவேறு உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"டேய், கிணறு இல்லடா. வீடு நகருது!"

"வீடு எப்படிங்க நகரும்? அதுக்கு என்ன காலா இருக்கு?"

"கிணத்துக்கு மட்டும் இருக்கா?"

"தண்ணி இருக்கில்ல. தண்ணி ஓடும்."

சாகிஹாரா கிணற்றுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் அந்த மாதம் முழுக்க அதையே யோசித்தார்.

வீடு நகர்வதைப் பற்றி அவர் அவ்வளவு அலட்டிக்கொண்டிருக்க மாட்டார், கயிறு மட்டும் இல்லாதிருந்தால். ஒவ்வொரு வருஷமும் பழைய சந்திரக் கணக்குப்படி ஆறாம் மாதக் கடைசியில் இரிபாமாவில் கயிறிழுப்பு நடக்கும். சாலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் வைக்கோல் முறுக்கி ஆண் கயிறு செய்வார்கள், மேற்கே இருப்பவர்கள் பெண் கயிறு. இரண்டின் தலைகளையும் கோத்து, நடுவில் உலக்கை மாதிரி ஒரு கட்டையைச் சொருகி இழுப்பார்கள். அதற்கு முன்னால் கட்சிக்கு ஓர் ஆள் நடுச்சாலையில் தன் சுவட்டைச் செய்து காட்ட வேண்டும். கிழக்குக் கட்சிக்கு செய்கோ. அவர் கயிற்றுக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்றுவிட்டால், அன்று முழுக்க மேற்குக் கட்சிக்காரர்களின் குதிகால் தரையில் ஒட்டாது. இழு என்றால் மிதப்பார்கள். அதனால் போர் முடிந்து கயிறிழுப்பு மறுபடி தொடங்கியதிலிருந்து கிழக்குக் கட்சியே ஜெயித்துவந்தது. மேற்கு ஜெயித்தால்தான் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, விளைச்சலும் சொல்லிவைத்தாற்போல் மோசமாகவே இருந்தது. ஊரே சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றது. கிழக்குக்காரர்கள் அதை நிமிர்ந்து உட்கார்ந்து தின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். செய்கோவின் வீடு சாலையைத் தாண்டிவிட்டால் அவர் மேற்குக் கட்சி. விதி அப்படி.

இது தெரிந்ததும் மேற்குக்காரர்கள் செய்கோமேல் திடீரென்று அன்பு கொண்டார்கள். காலையில் அவர் முற்றத்துக்கு எதிரே ஏழெட்டுப் பேர் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பெண்கள் எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை கொண்டுவருவார்கள். மத்சு நாளுக்கொரு மீன் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டுவிட்டு, "அண்ணே, இன்னிக்கு அந்தச் சுத்து சுத்தினீங்களே, எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. சரியா மனசுல நிக்கல. இன்னொரு தரம் செய்யுங்களேன்" என்பார். செய்கோ செய்வார். வீடு இன்னொரு சாண் வரும். கிழக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கயிறிழுப்புக் கயிற்றின் ஒரு முனையை வீட்டு மூலைத் தூணிலும் மறுமுனையைக் கிணற்றடிப் பாறையிலும் கட்டினார்கள். நான்கைந்து மாதம் கயிறு விறைத்துப்போய், காற்றடித்தால் நரம்பு வாத்தியம்போல் ரீங்காரம் செய்தது. பிறகு ஒரு காலை அறுந்து, அதுவரை சேர்த்துவைத்த தூரத்தையெல்லாம் வீடு ஒரே எட்டில் பிடித்துவிட்டது. மத்சு அன்று இரண்டு மீன் கொண்டுவந்தார்.

இப்படியே நடந்து நடந்து வீட்டின் முன்கூரை சாலைக்குமேல் நீட்டிக்கொண்டு வந்து நின்ற வருஷம்தான் வண்டிகள் பக்கம் மாறப்போகிற அறிவிப்பு வந்தது. சாலை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாகிஹாரா செய்கோவைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்து, தோமொயோசேவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"மாத்துற நேரத்துக்கு முன்னாடி ரோட்டுமேல ஒரு துரும்புகூட நீட்டிட்டு இருக்கக் கூடாதாம். இப்பவே சிந்தோவ நிறுத்திட்டீன்னா நீட்டிட்டு இருக்கிற கூரைய மட்டும் அறுத்துட்டுப் போயிருவாங்க. நிறுத்தலைன்னா வீடு மொத்தமும் ரோட்டுக்கு வந்துரும். மொத்தத்தையும் இடிச்சுப் போடுவாங்க."

"நகர்றது கிணறு. அதப் போய் நிறுத்தச் சொல்லுங்க."

"விளையாடாத செய்கோ. வீடு வேணுமா, சிந்தோ வேணுமா?"

"அந்தச் சுத்தைக் கொஞ்சம் நிமிந்து சுத்தித் தொலையேன்யா" என்றார் தோமொயோசே. "ஒரு சாண் விஷயம்."

"நிமிந்துதான் சுத்துறேன்."

"சரி விடு. என் சான்ச்சின எடுத்துக்க. நான் ஒண்ணும் தேஞ்சுட மாட்டேன்."

வீடு அவர் கையால் வேய்ந்தது. செய்கோ முதன்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து அவர் முற்றத்தில் சிந்தோ இல்லை.

சான்ச்சின் செய்து பார்த்தார். மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்டது, வேலை முடிந்து வந்தவனுக்கு இன்னொரு வேலை எதற்கு என்று விட்டார். கூசாங்கு செய்து பார்த்தார். விரல்களுக்கு நடுவே வானத்தைப் பார்த்தால் மற்றவர்கள் வேய்ந்த கூரைகளின் குறைகள்தான் தெரிந்தன. நைஹான்ச்சி செய்யச் சொன்னபோது, "அது அவங்களோடது" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது காது சிவந்தது. சாகிஹாரா கயிற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

வீடு நின்றது. வேறு பல விஷயங்களும் நின்றன. செய்கோவின் சுண்ணாம்பு காயவில்லை. அவர் பிடித்த சிங்கங்கள் சோர்ந்த முகத்தோடு வந்தன. ஒன்று கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தது. கரும்பாலைக்காரர் வீட்டுக்காகச் செய்தது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "இதக் கூரையில வெச்சா பேயி செருப்பக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்துரும்யா" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். செய்கோ இரண்டு காலையும் தரையில் பரப்பி வாசலில் உட்கார்ந்து, இந்த இரண்டு காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாட்களில் உஷியின் தோஃபுவும் இறுகவில்லை. ஊர் இரண்டு வாரம் அதைக் கஞ்சி மாதிரி குடித்தது. மூன்றாவது வாரம், கயிறிழுப்புக்கு இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது, அவள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து செய்கோவின் முன்னால் வைத்தாள்.

"யாபிகுசான், இதப் பாருங்க."

"என்ன இது, கஞ்சியா?"

"தோஃபு."

"இறுகலயே."

"எப்படி இறுகும்? கடல்தண்ணிய மாத்திப் பாத்துட்டேன், மொச்சைய மாத்திப் பாத்துட்டேன். நீங்க ஒத்தைக் கால்ல நிப்பீங்க இல்ல, அப்பதான் நான் பால்ல கடல்தண்ணி ஊத்த ஆரம்பிப்பேன். நீங்க கால ஊனும்போது நிறுத்துவேன். அதான் எனக்கு அளவு. இப்ப நீங்க இப்படிக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தா நான் எதப் பாத்து ஊத்துறது?"

"கடிகாரம் வாங்கிக்கங்க."

"கடிகாரம் ஒத்தைக் கால்ல நிக்குமா?"

செய்கோ வாளியைப் பார்த்தார். "நான் செஞ்சா வீடு போயிடுமாம். நான் மேற்கால சாயுறேனாம். அப்படிச் சொல்றாங்க."

"சாயத்தான் செய்யறீங்க."

"நான் தப்பே பண்ணல!"

"தப்புன்னு யாரு சொன்னா? சாயறீங்கன்னுதான் சொன்னேன்." அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னை ஏன் எல்லாரும் ஆலமரத்து உஷின்னு கூப்பிடுறாங்க?"

"உங்க கொட்டாய் ஆலமரத்துக்கிட்ட இருக்கறதால."

"எங்கய்யா இருக்கு ஆலமரம்?"

செய்கோ எட்டிப் பார்த்தார். ஆலமரம் வடக்கே, சாலை வளைகிற இடத்தில், ஒரு கொத்துக்கீரை அளவுக்குத் தெரிந்தது. அவர் சின்ன வயதில் அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து, அந்தக் கொட்டகையில்தான் சூடான தோஃபு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

"நான் ஒண்ணும் உங்கள மாதிரி ஊரக் கூட்டி கிணறு நகருதுன்னு சொல்லிட்டுத் திரியல" என்றாள் உஷி. "தினம் ஒரு விரக்கடை. நைஹான்ச்சியில இடமும் வலமும்தான் உண்டு. உங்க வாசலுக்கு நேரா வந்து நிக்கிற வரைக்கும் என்னால வர முடிஞ்சுது, வந்துட்டேன். ரோட்டைத் தாண்டறதுக்கு என் சுவடுல அடி கிடையாது. உங்க சுவடுல இருக்கு." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?"

செய்கோவுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகக் கை தலைவரை போனது. ஆனால் சொறியவில்லை.

அந்த வருஷம் கயிறிழுப்பும் வண்டிகள் மாறுகிற நாளும் ஒன்றாகவே வந்தன. முந்தின இரவிலிருந்தே தீவில் ஒரு வண்டியும் ஓடக் கூடாது, காலை ஆறு மணிக்கு எல்லாம் இடப்பக்கத்தில் ஓடத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு. விடிந்தபோது ஊர் முழுக்க விசிறியோடு சாலையோரம் வந்து நின்றது. சாலை வெறிச்சென்று, கழுவிவிட்ட பலகைபோல் கிடந்தது. வெளியூரிலிருந்து ஒரு போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையும் ஊதலுமாக வந்திருந்தார். செய்கோவின் கூரையை அறுக்க வேண்டிய தச்சரும் அப்போதுதான் வந்து, ஏணியைச் சாத்தி, ரம்பத்தோடு மேலே ஏறி உட்கார்ந்தார். மேற்கே உஷி அண்டாவுக்கு முன்னால் அகப்பையோடு நின்றிருந்தாள்.

செய்கோ முற்றத்துக்கு வந்து, சாலையைப் பார்த்து வணங்கிவிட்டு சிந்தோவைத் தொடங்கினார்.

"டேய்! டேய் செய்கோ! வேணாம்டா!" என்று சாகிஹாரா கத்தினார். சுவடு செய்கிறவனைத் தொடக் கூடாது என்பது ஊர்ப் பழக்கம். கிழக்குக் கட்சி முழுவதும் முற்றத்தின் விளிம்பில் வந்து நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது. செய்கோ முன்னே போனார், பின்னே வந்தார், குத்தினார், தடுத்தார், ஒரு காலைத் தூக்கினார். அப்படியே நின்றார். கூரைமேல் சிங்கமும் காலைத் தூக்கியதைத் தச்சர் பக்கத்திலிருந்து பார்த்தார், பிறகு ரம்பத்தை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். எதிரே உஷி கடல்தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். செய்கோ அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷமும் அந்தச் சுவட்டில் தனக்குப் பிடித்தது ஒற்றைக்காலில் நிற்பது அல்ல, நின்றால் எதிரே தெரிகிறதுதான் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அன்று அவர் சுற்றியபோது சாய்ந்த சாய்வை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே சாய்ந்தார்.

உடைகிற சத்தம் ஏதும் வரவில்லை. படகை மணலில் இழுத்து ஏற்றும்போது வருகிற சத்தம் வந்தது, அவ்வளவுதான். வீடு தன் முற்றத்தையும் பப்பாளியையும் அணைத்துக்கொண்டு வெறும் சாலையைக் கடந்து போனது. கூரைமேல் தச்சரும் கூடவே போனார், இறங்குவதற்கு நேரமில்லை. உஷியின் கொட்டகைக்குப் பக்கத்தில் கைப்பிடி அகல இடம் விட்டு வீடு நின்றது. செய்கோ காலை ஊன்றினார். உஷி ஊற்றுவதை நிறுத்தினாள். அவர் குனிந்து பாதத்தைப் பார்த்து, "இங்கதான் ஆரம்பிச்சேன்" என்றார்.

ஆறு மணி. போலீஸ்காரர் ஊதலை ஊதினார். எல்லாம் பக்கம் மாற வேண்டும் என்றுதான் அவருக்கு உத்தரவு இருந்தது. எது மாறக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை. சற்று நேரத்தில் முதல் பஸ் இடப்பக்கமாக வந்து, சாலைமேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காததால் நிற்காமல் போனது. தோஃபு இறுகியிருந்தது. தச்சருக்குத்தான் முதல் துண்டு கொடுத்தார்கள்.

மாலையில் கயிற்றடியில் பெரிய சண்டை. செய்கோ மேற்கே போனது போனதுதான், வாசற்படி அங்கே இருக்கிறது, விதி விதிதான் என்று தோமொயோசே தீர்ப்புச் சொன்னார். சாகிஹாரா கிழக்குக்காரர்கள் எல்லோரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு, "சரி, ஆள எடுத்துக்கிட்டீங்க இல்ல? அப்ப ஆளுக்கு ஆள் குடுங்க. உஷிய எங்களுக்குக் குடுங்க" என்றார். "அவ கொட்டா எந்தப் பக்கம் இருக்கு?" என்று மத்சு கேட்டார். "கிணறு எங்க பக்கம் இருக்கில்ல! இனிமே அந்த ரெண்டு வீட்டுக்கும் தண்ணி எங்க கிணறுதான்!" என்றார் சாகிஹாரா. உஷி எழுந்து, இடுப்பு வேலைத்துணியை அவிழ்த்து செய்கோவின் தோளில் போட்டுவிட்டு, "நான் கிழக்க போறேன். இத்தனை வருஷம் மேற்க இருந்து தோத்துத் தோத்து எனக்கு அலுத்துப் போச்சு" என்று நடந்தாள். அன்று செய்கோ ஒற்றைக்காலில் நிற்க, கிழக்குக் கட்சியின் குதிகால்கள் முதன்முறையாக மிதந்தன. மேற்கு ஜெயித்தது. அந்த வருஷம் கரும்பு கூரை உயரம் வளர்ந்தது. ஒரு மாதம் ஊரில் யாரும் கிழங்கைத் தொடவில்லை. அடுத்த வருஷம் உஷி கயிற்றுக்கு முன்னால் நைஹான்ச்சி செய்தபோது கயிறு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் பக்கவாட்டில் போய், இரண்டு கட்சியும் சேர்ந்து கடலில் விழுந்தன. அதிலிருந்து யார் ஜெயிப்பார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கயிறிழுப்பு நாளில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. கல்யாணம் என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த கைப்பிடி அகலத்தைக் கூரை ஓடுகளே நீண்டு மூடிக்கொண்டன.

வரைபடத்தைத் திருத்தத் தலைநகர் நாஹாவிலிருந்து அளவையர் ஒருவர் வந்தார். வீடு இடம் மாறினால் எழுதுவதற்கு அவருக்கு வழிமுறை எதுவும் இல்லை. எதிரே கிணறு ஒன்று வீடில்லாமல் நிற்பதைப் பார்த்து, இது எப்படி அங்கே போனது என்று செய்கோவைக் கேட்டார். செய்கோ பல வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். அளவையர் பொறுமையாகக் கேட்டு, வீட்டை இருக்கிற இடத்தில் வரைந்து, கிணறு கிழக்கே நகர்ந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போனார்.

செய்கோ இப்போதும் காலையில் சிந்தோ செய்கிறார். கால், தொடங்கிய இடத்திலேயே அச்சாக வந்து விழுகிறது. முன்பும் அப்படித்தான் விழுந்தது என்கிறார். அவர் பிடிக்கிற சிங்கங்கள் பல்லைக் காட்டுகின்றன. சுவடு முடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு, முதலில் வலப்பக்கம் பார்த்து, பிறகு இடப்பக்கம் பார்த்து, சாலையைக் கடந்து, இவ்வளவு தூரம் வந்துவிட்ட கிணற்றைத் திட்டிக்கொண்டே தண்ணீர் இறைக்கிறார். பஸ் அங்கே நிற்கிறது. நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். இரிபாமாவுக்கு வருகிறவர்கள் கிணறு நகர்ந்த இடம் என்று சொல்லி இறங்கிக்கொள்ளலாம். கதவு இடப்பக்கம் இருக்கும்.